தப்பான பதிலை நீக்கச் சொல்லலாமா?

கேள்வி:
புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் போன வாரம்தான் 2,000 புள்ளி தாண்டினேன். தரம் குறைந்த பதில்களைப் பார்க்கும் ரிவியூ வரிசை எனக்கும் திறந்துவிட்டது, முதல் நாளே மூன்று பதில்களில் கை நின்றுவிட்டது. ஒன்றில் "எனக்கும் இதே எரர், யாருக்காவது சரியாகிவிட்டதா?" என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் வெறும் லிங்க், கூட ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது, பைத்தான் மொழியில் ஒரு லிஸ்ட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப் ஓடும்போதே அதிலிருந்து உறுப்பை ரிமூவ் செய்யச் சொல்கிறது. அப்படிச் செய்தால் அடுத்த உறுப்பை லூப் தாண்டிப் போய்விடும், நிச்சயம் தப்பு. மூன்றையும் நீக்கச் சொல்லிவிடலாமா?

பதில் 1:
மூன்றாவதில் மட்டும் கை வைக்காதீர்கள். தப்பாக இருந்தாலும் அது பதில்தான், இந்த வரிசையோ பதிலே அல்லாததைக் களைய வைத்தது. தப்புக்கு டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, இருக்கிறது. உங்களுக்கு 1 புள்ளி போகும், பதில் எழுதியவருக்கு 2 போகும், போகட்டும். கூடவே 1, 2, 2, 3 என்ற லிஸ்ட்டில் அவர் சொன்னபடி 2-ஐ நீக்கிப் பார்த்தால் ஒரு 2 அப்படியே நிற்கும், அதைக் கமெண்டில் காட்டுங்கள். பதிலையே அழித்துவிட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து அதையே எழுதுவார்.

பதில் 2:
"எனக்கும் இதே எரர்" ஆளிடம் கடுமை வேண்டாம் நண்பரே. 50 புள்ளி இல்லாதவரால் அடுத்தவர் கேள்வியில் கமெண்ட் போட முடியாது, ஆனால் பதில் பெட்டி திறந்தே இருக்கிறது, பாவம் அதில் எழுதிவிடுகிறார். நீக்கத்தான் வேண்டும், ஆனால் ஏன் நீக்குகிறோம் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் அந்த லிங்க்கை ஒருமுறை திறந்து பாருங்கள், விஷயம் இருந்தால் தேவையான இரண்டு வரியைப் பதிலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பதில் 3:
எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது பார்க்க நன்றாக இருக்கும் பதில்கள்தான். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி எழுதும் பதில்களைத் தடை செய்தது அதனால்தான்: பிழையில்லாத நடை, நீளமான விளக்கம், ஓட்டிப் பார்த்தால் அது சொல்லும் லைப்ரரியில் (தயார் கோடு தொகுப்பில்) அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது. அப்படித் தோன்றினால் இந்த வரிசையில் முடிவு செய்யாமல், காரணத்தை எழுதி, தளத்தைக் கண்காணிக்கும் மாடரேட்டருக்கு ஃபிளாக் செய்யுங்கள் (புகார் அனுப்புங்கள்).

கேட்டவர்:
மிக்க நன்றி. டவுன்வோட் போட்டு அந்த 1, 2, 2, 3 உதாரணத்தையும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பதிலை எழுதியவரே புது லிஸ்ட் உருவாக்குகிற மாதிரி பதிலைத் திருத்திவிட்டார், நானும் டவுன்வோட்டைத் திரும்ப எடுத்துவிட்டேன்.