மம்-ரா பொம்மை கையில் ஒட்டுகிறது, உடம்பெல்லாம் வெள்ளை வட்டங்கள்: அவசர உதவி

கீழைக்காற்று:
வணக்கம். தண்டர்கேட்ஸ் கார்ட்டூனில் வரும் வில்லன், மம்மி மந்திரவாதி மம்-ராவின் பழைய பொம்மை நேற்று வந்து சேர்ந்தது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மார்பிலும் தொடையிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். பூசணமா? சிவப்பு மேலங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் நூல் பிரிகிறது. வீட்டில் நகப்பூச்சு அகற்றும் திரவம் இருக்கிறது. பஞ்சில் தொட்டுத் துடைத்துவிடலாமா? சனிக்கிழமை அண்ணன் வருகிறார், அதற்குள் சரியாக வேண்டும். சின்ன வயதில் அவரிடம் இருந்த பொம்மை இது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வெண்படிகம்:
அந்தத் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலும் அதில் அசிட்டோன் இருக்கும். பிவிசி பிளாஸ்டிக்கை அது ஊறவைத்து இளக்கிவிடும், முகத்தில் உள்ள வண்ணத்தையும் ஒரே துடைப்பில் எடுத்துவிடும். மற்றதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சில விவரங்கள் வேண்டும். எந்த ஆண்டுப் பொம்மை? இதற்கு முன் எங்கே கிடந்தது? வாடை ஏதாவது வருகிறதா? ஏற்கெனவே எதையாவது பூசிப் பார்த்தீர்களா?

பழம்பெட்டி:
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. மம்-ரா என்றால் எந்த மம்-ரா? 1985இல் எல்ஜேஎன் வெளியிட்டதா, 2011இல் பண்டாய் செய்ததா, அதற்கும் பின்னால் சூப்பர்7 செய்ததா? மூன்றும் மூன்று விதமான பிளாஸ்டிக், மூன்று விதமான மூட்டு. இதுகூடச் சொல்லாமல் உதவி கேட்டால் யார் என்ன செய்ய முடியும்? நான் இந்தப் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கியபோது இங்கே பலர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டார்கள். என் கணிப்பு பூசணம்தான். நிலவறையில் ஈரத்தில் கிடந்த பொம்மை இப்படித்தான் வரும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், முடிந்தது.

ஓரக்கண்:
வட்டமாகக் கறை என்றால் முகப்பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு பத்து சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். கறைமேல் தடவி வெயிலில் வையுங்கள். பொம்மைச் சேகரிப்பாளர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. நானே பல பொம்மைகளின் மைக்கறையை இப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

வெண்படிகம்:
ஓரக்கண், அது மைக்கறைக்கும் துணிச்சாயக் கறைக்கும் பலன் தரும், மறுக்கவில்லை. ஆனால் களிம்புக்குக் கறை எது, பொம்மையின் சொந்த நிறம் எது என்று தெரியாது. இரண்டையும் வெளுக்கும். தோல் நிறப் பொம்மையில் சிறிது வெளுத்தால் கண்ணுக்குத் தெரியாது. மம்-ராவின் உடம்போ நீலம். நீலத்தில் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டால் திரும்ப வழியே இல்லை. இன்னும் கறை என்றே முடிவாகவில்லை. அவர் பதில் சொல்லட்டும்.

கீழைக்காற்று:
முதுகில் 1985 என்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்தது, நான் இருப்பது டொராண்டோ. ஒருவிதமான இனிப்பு வாடை, புதுக் குளியலறைத் திரையில் வருவதுபோல. எதுவும் பூசவில்லை. வினிகரில் போடவா?

கதிரொளி:
போடாதீர்கள்! அதை எதிலும் முக்கக்கூடாது. அந்த வரிசையில் கதாநாயகன் லயன்-ஓவுக்கும் மம்-ராவுக்கும் மட்டும் கண்கள் ஒளிரும் வசதி உண்டு. கூடவே மின்கலம் போட்ட வளையம் ஒன்று வரும், அதை முதுகில் செருகினால் கண் எரியும். தண்ணீர் உள்ளே இறங்கினால் கண் போய்விடும். கையை அசைக்கும் நெம்புகோலும் முதுகில்தான் இருக்கிறது, அந்த இடைவெளி வழியாகவும் நீர் புகும். வளையம் உங்களிடம் இருக்கிறதா? கண் எரிகிறதா?

பழம்பெட்டி:
கண் எரிவது இரண்டாம்பட்சம். பூசணத்தை விட்டால் பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கெல்லாம் பரவும். நான் சொன்னதைச் செய்யுங்கள்.

தையல்மணி:
மேலங்கியைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. தம்பி, விளிம்பில் தையல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய பொம்மைகளைச் சேர்த்து விற்பவர்கள் அசல் துணி கிழிந்துபோனால் வேறு துணியில் தைத்துப் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட துணியில் சாயம் நிற்காது. வெள்ளைப் பஞ்சுக் குச்சியை நனைத்து, உள்பக்கம் ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அந்தத் துணியை ஈரத்தோடு பொம்மைமேல் விட்டுவைக்கவே கூடாது. சிவப்புச் சாயம் பிவிசிக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் வராது.

நைல்நதி:
பழுதுக்கு என்னால் உதவ முடியாது, வெண்படிகம் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் பூசணம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மம்மி என்றாலே ஈரம், அழுகல், சாபம் என்று கேளிக்கைக் கதைகள் கட்டிவிட்டன. எகிப்தியர் செய்ததோ நேர்மாறானது. உடலை நேட்ரான் உப்பில் புதைத்துச் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தினார்கள். சடங்கோடு சேர்த்து மொத்தம் 70 நாள் என்பது மரபு. கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனிச் சாடிகளில் வைத்து, நான்கு காவல் தெய்வங்களிடம் ஒப்படைத்தார்கள். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள், தீர்ப்பு நாளில் எடை போட அது வேண்டும். இவ்வளவு பரிவோடு செய்யப்பட்ட ஒன்றைத் தீய மந்திரவாதியாக்கியது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. எகிப்தில் சாகாத மந்திரவாதி என்று எவனும் இல்லை.

பழம்பெட்டி:
அம்மா, இது பொம்மைகளுக்கான உரையாடல் இழை, வரலாற்று வகுப்பு அல்ல. இருந்தாலும் தவறான தகவலை விட்டுவிட முடியாது. பழைய எகிப்தியச் செத்னா கதையைப் படித்ததில்லையா? கல்லறைக்குள் இறந்து கிடக்கும் நனெஃபெர்காப்தா, உயிருள்ள இளவரசன் செத்னாவோடு பேசுகிறான், பலகை விளையாட்டு ஆடுகிறான், மந்திர நூலைக் காக்கிறான். டெமோட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்தில், டாலமி அரசர்கள் காலத்துப் பாப்பிரஸ், கெய்ரோவில் இருக்கிறது. சாகாத மந்திரவாதிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நைல்நதி:
ஐயா, அந்தக் கதையை நினைவூட்டியதற்கு நன்றி. எனக்கு மிகவும் பிடித்த கதை. இறந்தவன் பேசுகிறான் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி, என் கடைசி வரி அளவு கடந்துவிட்டது. ஆனால் அவனை மம்-ராவின் மூதாதை என்று ஏற்க மாட்டேன். அந்தக் கதையில் யார் வில்லன் என்று பாருங்கள். தோத் தெய்வத்தின் நூலை எடுத்ததற்காக நனெஃபெர்காப்தா மனைவியையும் மகனையும் ஆற்றுக்குப் பறிகொடுத்தவன். அவர்கள் கோப்டோஸில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவன் மட்டும் தனியாக மெம்பிஸில். அந்த நூலைப் பறிக்க வருகிறவன்தான் செத்னா. பலகையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் செத்னாவுக்குத் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் செத்னா தரைக்குள் இறங்குகிறான்: முதலில் பாதம் வரை, பிறகு இடுப்பு வரை, பிறகு காது வரை. எப்படியோ நூலோடு தப்பிவிட்டாலும், கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்து, கோப்டோஸில் கிடந்த தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து அவனோடு சேர்த்து வைக்கிறான். இறந்த மந்திரவாதி கேட்டது அவ்வளவுதான், குடும்பம். உலகை ஆள வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பழம்பெட்டி:
நூலைத் திருடியவன் அவன்தானே முதலில்? தெய்வத்திடமிருந்து திருடியவனை நல்லவன் என்பீர்களா?

கதிரொளி:
இரண்டு பேரும் தனி இழை தொடங்கினால் நானும் வந்து படிக்கிறேன், உண்மையாகவே. இங்கே ஒருவர் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்கிறார். கீழைக்காற்று, வட்டங்களின் படம் போடுங்கள்.

கீழைக்காற்று:
படம் போட்டிருக்கிறேன். வளையம் இருக்கிறது, உள்ளே பழைய மின்கலம், முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துணியை ஒற்றிப் பார்த்தேன், பஞ்சு சிவந்தது.

வெண்படிகம்:
படம் பார்த்தேன். இது பூசணம் அல்ல. பெரிதாக்கிப் பாருங்கள்: எல்லா வட்டமும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, ஒரு வரிசை விட்டு அடுத்த வரிசை நகர்ந்து நிற்கிறது. பூசணம் அளவு பார்த்து, வரிசை கட்டி வளராது. பார்சலில் பொம்மையைக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பினார்களா? குமிழிப் பக்கம் உள்ளே இருந்ததா?

கீழைக்காற்று:
ஆமாம். இறுக்கமாகச் சுற்றி ஒட்டியிருந்தது. எல்லாரும் அப்படித்தானே அனுப்புவார்கள் என்று சொல்லவில்லை.

வெண்படிகம்:
அதுதான் காரணம். சற்று விரிவாகச் சொல்கிறேன், இதே சிக்கல் பலருக்கு வரும்.

பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர் கலப்பார்கள். மிகவும் மிருதுவான பிவிசியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். அந்தக் காலப் பொம்மைகளில் பெரும்பாலும் தாலேட் என்ற வேதிப்பொருள் வகை. அமெரிக்காவில் 2008 சட்டத்துக்குப் பிறகுதான் குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட்டுகளை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை, இடையில் தங்கியிருக்கிறது. வெப்பத்திலும் காலப்போக்கிலும் மேலே கசிந்து வரும். கையில் ஒட்டுவது அதுதான். நீங்கள் சொன்ன இனிப்பு வாடையும் கசிவோடு பொருந்துகிறது. குமிழித் தாள் பாலிஎத்திலீன். அது இந்த எண்ணெயை உறிஞ்சும். குமிழி அழுந்திய இடத்தில் மட்டும் உறிஞ்சி, பளபளப்பு மாறி, வட்டமாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது: மெல்லிய பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. முதுகில் உள்ள துளையின் பக்கம் ஈரம் போகக்கூடாது. கண், வாய் வண்ணத்தில் அழுத்தாதீர்கள். மேலங்கியை இழுக்க வேண்டாம். ஒட்டிய ஓரத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியை நுழைத்து, விரல்நுனி அளவு விடுபட்டதும் சற்று நிறுத்தி, மறுபடி தொடருங்கள். ஈரம் கண்ட இடத்தை உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் இறங்கும். ஆல்கஹால் வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையும் இழுத்து வந்துவிடும். முகப்பவுடர் போடச் சொல்வார்கள். சில நாளைக்கு ஒட்டாது, பிறகு பவுடரும் எண்ணெயும் குழைந்து மாவாகிவிடும்.

மின்கல வளையம்: கையுறை போட்டுக்கொண்டு பழைய மின்கலத்தை எடுத்துவிடுங்கள். அது அல்கலைன் வகையாக இருந்தால் பழம்பெட்டி ஐயா சொன்ன வினிகர் இங்கே உதவும். பஞ்சுக் குச்சியில் தொட்டு உலோக முனையில் மட்டும் தடவி, நீர்ப்பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

ஓரக்கண்:
சுத்தம் செய்தபின் காற்றோட்டமாகத் திறந்த அலமாரியில் வைக்க வேண்டும், சரிதானே? மூடி வைத்தால்தான் கசியும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

வெண்படிகம்:
இதில் அருங்காட்சியகங்களின் அனுபவம் வேறு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் மிருதுவான பிவிசியை வைத்து நடந்த ஆய்வில், எண்ணெயை உறிஞ்சாத கண்ணாடிக்குள் மூடி வைத்தபோது இழப்பு குறைந்தது, பாலிஎத்திலீன் பைக்குள் வைத்தபோது வேகமானது. திறந்து வைத்தால் கசிந்தது ஆவியாகி, உள்ளிருந்து இன்னும் வரும். ஒட்டாமல் இருக்கும், ஆனால் நாளாவட்டத்தில் விறைத்து வெடிக்கும். என் அபிப்பிராயம்: மூடிய கண்ணாடிப் பெட்டி, குளிர்ச்சியான அறை, வெயில் படாத இடம். பாலிஸ்டைரீன் தட்டில் மட்டும் நிற்க வைக்காதீர்கள், கால் பட்ட இடத்தில் தட்டு இளகிப் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பழம்பெட்டி:
என் அலமாரி திறந்த அலமாரி. என் பொம்மைகள் எதுவும் வெடிக்கவில்லை. ஆய்வுக்கூடம் வேறு, வீடு வேறு. படத்தைப் பார்த்தபின் பூசணம் இல்லை என்பதை ஏற்கிறேன். முதலிலேயே படம் போட்டிருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

தையல்மணி:
மேலங்கி கழன்றதும் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் போவது நிற்கும் வரை அலசுங்கள். திரும்பப் போடும்போது முதுகுக்கும் துணிக்கும் நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள், பார்வைக்குத் தெரியாது.

நைல்நதி:
கீழைக்காற்று, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன். பழம்பெட்டி ஐயா, செத்னா கதைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். தெய்வத்திடம் திருடியது குற்றம்தான், ஆனால் அதற்கான தண்டனையை அவன் கதை தொடங்கும் முன்பே அனுபவித்துவிட்டான் என்பது என் வாதம். அங்கே வாருங்கள்.

கீழைக்காற்று:
துடைத்துவிட்டேன், இப்போது ஒட்டவில்லை. மேலங்கி கழன்றது, முதுகில் சிவப்பு கொஞ்சம் நிற்கிறது. வட்டங்கள் மங்கிவிட்டன, வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகின்றன. புது மின்கலம் போட்டேன், கண் எரிகிறது. அண்ணன் வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

கதிரொளி:
மிக்க மகிழ்ச்சி. அண்ணன் பார்த்து முடித்ததும் மின்கலத்தை வளையத்திலிருந்து கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் மறுபடியும் பூக்கும்.