விவாகரத்தான தம்பதியின் வீட்டை ஏலம் விடலாமா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
என் தங்கைக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அரை கிரவுண்டில் மாடி வீடு, பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பாகம் பிரிக்க வழியில்லை என்று ஏலத்துக்கு உத்தரவாகிவிட்டது. கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, தமுக்கும் அடித்துவிட்டுப் போனார்கள். தெருவே நின்று படித்தது. ஏலம் எடுப்பவர் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள். அதற்குள் எந்த வங்கி கடன் தரும்? ரொக்கம் வைத்திருக்கும் வியாபாரிகள்தான் வருவார்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பிள்ளைகளோடு குடியிருப்பவளைத் தெருவில் நிறுத்தும் இந்த முறையே வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அக்கா:
அண்ணா, நான் எதிர்ப் பக்கத்தில் நின்றவள். என்னை வெளியே அனுப்பிவிட்டு கணவர் மாடியில் இருந்துகொண்டார், கீழ்த்தளத்து வாடகையையும் வாங்கிக்கொண்டார். வெளியில் விற்கலாம் என்றால் கையெழுத்துப் போட மாட்டார். வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கதவைத் திறக்க மாட்டார். ஏலம் இல்லாவிட்டால் என் பாதி பத்திரத்தோடு நின்றிருக்கும். விலை குறைவாகத்தான் போனது, எனக்கும் வருத்தம்தான். ஆனால் பணம் கைக்கு வந்தது.

ராயபுரம்வாசி:
மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் ஒருவருக்கு என்று முடிக்கலாமே?

கொருக்குப்பேட்டை அக்கா:
எங்கள் வீட்டில் படிக்கட்டு ஒன்றுதான், மூன்றடி அகலம்கூட இருக்காது. தண்ணீர்த் தொட்டியும் ஒன்று. என்னை அடித்த மனிதரை உரசிக்கொண்டு தினமும் குடம் தூக்கி ஏற வேண்டுமா?

பெரம்பூர் வழக்கறிஞர்:
1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தையே இருவரும் விட்டுவிட்டீர்கள். பிரிக்க முடியாத சொத்தை விற்கும்படி பாதிப் பங்கு உள்ளவர் கேட்கலாம், அது 2ஆம் பிரிவு. அப்படிக் கேட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று மற்றவர் மனு செய்யலாம், அது 3ஆம் பிரிவு. 6ஆம் பிரிவுப்படி குறைந்தபட்ச விலையை நீதிமன்றம் நிர்ணயிக்க வேண்டும். பங்குதாரரும் ஏலம் கேட்கலாம், தன் பங்கைத் தொகையில் கழித்துக்கொள்ளவும் அனுமதி கோரலாம். அண்ணன் கேட்பது நியாயம்தான், ஆனால் ஏலத்தை ஒழிப்பது தீர்வல்ல. தங்கை 3ஆம் பிரிவில் மனு போட்டாரா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
போடவில்லை. இப்படி ஒரு வழி இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை ஐயா. இதை அல்லவா நீதிமன்றமே முதலில் கேட்க வேண்டும்? குடியிருப்பவருக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு ஏலத்துக்குப் போகட்டும்.

பெரம்பூர் வழக்கறிஞர்:
ஏல நாளுக்கு முன்பே உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள். பிறகு பேசிப் பயனில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா:
ஆறு மாத அவகாசத்தை நான் ஏற்க மாட்டேன். என் வழக்கில் வீட்டில் குடியிருந்தவருக்கு அது இன்னும் ஆறு மாத வாடகை. வாங்க நினைப்பவர் பணம் எங்கிருந்து வரும் என்று மனுவோடு காட்டட்டும். அதுவரை வசூலித்த வாடகைக் கணக்கையும் சேர்த்துத் தாக்கல் செய்யட்டும். உங்கள் தங்கை அதற்குத் தயார் என்றால், அவர் பக்கம் நானும் நிற்கிறேன்.