முதல் வரிசையில் நிற்கக் கூசுகிறது, என்ன செய்வது?

கடைத்தெரு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஊரில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே கேட்கிறேன். மார்க்கம் படித்தவர்கள் மட்டுமின்றி, வியாபாரத்தில் இருப்பவர்களும் பதில் சொன்னால் நல்லது.

தேனி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 41. மூன்று வருடங்களுக்கு முன்புவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையோடு சரி. மற்ற வேளைத் தொழுகைகளெல்லாம் நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அத்தா (என் தந்தை) மவுத்தான பிறகு உள்ளே ஏதோ அசைந்தது. நாற்பது நாள் முடிவதற்குள் ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். மாலை நேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கி, கடைப்பையனை உட்காரவைத்துவிட்டு ஓடுவேன். அந்த நாட்களின் தொழுகை நன்றாக இருந்தது. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் அத்தாவின் முகம் வரும், அழுவேன். யாரும் பார்த்ததில்லை.

பிறகு பார்த்துவிட்டார்கள். "அந்தத் தொழுகையாளி கடையில் வாங்கு, எடை சரியாக இருக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பும் தாய்மார்கள் சேர்ந்தார்கள். விற்பனை கூடியது. எவ்வளவு கூடியது என்பதும் தெரியும், கணக்கு எழுதுபவன் நான்தான்.

இப்போது நோய் இதுதான். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பக்கத்தில் நின்றால், குனிந்து நிற்கும் என் ருகூஉ நீள்கிறது. கடைக்குள் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே தனியாகத் தொழுதால் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் நண்பகல் லுஹர் முடிந்து சுன்னத் தொழுகைக்கு எழுந்தபோது, எனக்குக் கடனுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி பின்னால் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. சுன்னத்தோடு கிளம்ப நினைத்தவன் உபரித் தொழுகையான நஃபிலும் சேர்த்துத் தொழுதேன். தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்கும்போது எனக்கு என்னைப் பார்த்தே குமட்டியது.

ரமலானில் இன்னும் மோசம். எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குப் பொறுப்பேற்பவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி, நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குச் சற்று முன் ஒலிபெருக்கியிலும் வாசிப்பார்கள். சென்ற ரமலானில் ஒரு நாள் என் செலவு. பேரீச்சம்பழம் நன்றாக ஓடிய வருடம் அது. பெட்டியில் போட்டு எடைபோட்டு அடுக்கிவைப்போம், தொள்ளாயிரம் பெட்டி போல விற்றது, அந்த லாபத்தில்தான் கொடுத்தேன். பாங்கு சொல்லும் மோதினார் என் பெயரை வாசித்தார். துஆ கேட்கவேண்டிய அந்த நேரத்தில், தெருமுனைவரை கேட்டிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸ் (நபிமொழி) உங்களுக்குத் தெரியும். உயிரைக் கொடுத்தவர், கல்வி கற்றுக் கொடுத்தவர், வாரி வழங்கியவர். மூவரும் பெயருக்காகச் செய்தவர்கள் என்று நரகில் எறியப்படுவார்கள். அதை ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை. பேசாமல் வீட்டிலேயே தொழுதுவிடலாமா? குறைந்தபட்சம் கடைசி வரிசைக்குப் போய்விடலாமா?

ஆற்றங்கரை எழுதியது:

வஅலைக்கும் ஸலாம். போகாதீர்கள். பள்ளிவாசலை விட்டுவிட்டீர்கள் என்றால் ஷைத்தானுக்கு மலிவாகக் காரியம் முடிந்துவிடும்.

அந்தக் கால ஞானி ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) சொன்னதாக வருவதை, மார்க்க அறிஞரான எங்கள் ஹஜ்ரத் அடிக்கடி சொல்வார்: மக்களுக்காக ஒரு நல்ல செயலை விட்டுவிடுவது முகஸ்துதி (பிறர் பார்வைக்காக நடப்பது), மக்களுக்காக அதைச் செய்வது அல்லாஹ்வுக்கு இணைவைப்பு, இரண்டிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பதுதான் இக்லாஸ் (மனத்தூய்மை). வீட்டிலேயே தொழ நினைப்பதும் மற்றவர்களை மனதில் வைத்துத்தானே?

எனக்கு இந்த நோய் குர்ஆன் ஓதுவதில் வந்தது. குரல் நன்றாக இருப்பதாக யாரோ சொல்லித் தொலைத்தார்கள். இப்போது அதிகாலை பஜ்ருக்கு முன் எழுந்து, மனைவிக்குக்கூடக் கேட்காத குரலில் ஒரு பக்கம் ஓதுகிறேன். நோய் போகவில்லை, ஆனால் அந்த ஒரு பக்கமாவது எனக்குச் சொந்தம் என்று இருக்கிறது. நீங்களும் யாருக்கும் தெரியாத இரண்டு ரக்அத் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலத்தெரு எழுதியது:

கஞ்சிப் பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது" என்ற கருத்து குர்ஆனின் இரண்டாவது சூராவின் (அத்தியாயத்தின்) 271ஆம் வசனத்திலேயே இருக்கிறது. ஆகவே பலகை ஹராம் இல்லை. எங்கள் ஊரில் இளைஞர்கள் சண்டைபோட்டுப் பலகையை எடுக்கவைத்தார்கள். மறுவருடம் பாதி நாட்களுக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைக்கவில்லை. பலகை திரும்ப வந்துவிட்டது. இளைஞர்கள் பெயரும் இப்போது அதில் வருகிறது.

கணக்கு டீச்சர் எழுதியது:

தம்பி, நான் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவள். மார்க்கம் படித்த ஆலிமா இல்லை. அதனால் உங்கள் ருகூஉவின் நீளத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதில் என் கண் நின்றுவிட்டது. பேரீச்சம்பழத்தைப் பெட்டியில் போட்டு எடைபோட்டு அடுக்கிவைப்போம் என்கிறீர்கள். எடைபோடும்போது பெட்டியின் எடையைக் கழிக்கிறீர்களா?

கழிப்பதில்லை என்றால், ஒரு காலிப் பெட்டியைத் தராசில் வையுங்கள். வரும் கிராமைத் தொள்ளாயிரத்தால் பெருக்குங்கள். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது அட்டையின் எடையைக் கழித்துத்தானே வாங்குவீர்கள்? 83ஆம் சூராவின் தொடக்கத்தை எடுத்துப் படியுங்கள். மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களுக்குக் கேடு என்று வருகிறது. அதற்கு அரபியில் உள்ள சொல் 'வைல்'. தொழுகையில் அலட்சியமாக இருந்துகொண்டு பிறருக்குக் காட்டுகிறவர்களைப் பற்றி மாஊன் சூராவில் வரும் சொல்லும் அதே 'வைல்'தான். நீங்கள் ஒரு வைலுக்குத் தூக்கமில்லாமல் கிடக்கிறீர்கள். இன்னொன்று கல்லாவுக்குப் பக்கத்தில் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாஊன் சூராவின் கடைசி வசனத்தையும் பாருங்கள். காட்டுவதற்காகத் தொழுகிறவர்கள் என்று சொன்ன கையோடு, அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்கள் என்று முடிகிறது. அற்பப் பொருள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் பானை, வாளி, கோடரி போன்றவை என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். முப்பது கிராம் பேரீச்சம்பழத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஜார்வாசி எழுதியது:

டீச்சர், ஊர் முழுக்க அப்படித்தான் விற்கிறார்கள். இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியோடு நிறுப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? இவர் ஒருவர் மட்டும் கழித்தால் பக்கத்துக் கடைக்காரர் அந்த லாபத்தில் விலையைக் குறைத்து இவரை மூடவைத்துவிடுவார். தொழுகையைப் பற்றிக் கேட்ட மனிதரைத் தராசில் ஏற்றிவிட்டீர்களே. அது வேறு, இது வேறு.

கணக்கு டீச்சர் எழுதியது:

அது வேறு, இது வேறு என்பது மத்யன் ஊர்வாசிகள் ஷுஐப் நபி (அலை) அவர்களிடம் சொன்னதுதான் தம்பி. அளவையையும் நிறுவையையும் குறைக்காதீர்கள் என்று அவர் சொன்னபோது, எங்கள் பொருளை எங்கள் இஷ்டப்படி செய்யக்கூடாது என்று உம்முடைய தொழுகையா உமக்கு ஏவுகிறது என்று கேட்டார்கள். ஹூத் சூரா, 87ஆவது வசனம். அவர்களுக்குப் புரிந்திருக்கிறது பாருங்கள், தொழுகிறவன் தராசில் கைவைப்பான் என்று.

ஒரு சமுதாயம் தன்னை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்ற வசனத்தை நம்மூர் மேடைகளில் முழங்காத பேச்சாளர் இல்லை. அந்தச் சமுதாயம் பஜாரில்தான் கடை வைத்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இனிப்புக் கடையைப் பார்த்திருக்கிறேன். சண்டையும் போட்டிருக்கிறேன்.

கடைத்தெரு எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். டீச்சர், அன்று இரவு கடையை மூடியபின் தராசைப் பார்த்தேன். எண்கள் இருக்கும் பொத்தான்களெல்லாம் எழுத்து அழிந்து கிடந்தன. பெட்டியின் எடையைக் கழிக்கும் டேர் பொத்தான் மட்டும் வாங்கிய அன்று இருந்ததுபோலப் பளபளவென்று இருந்தது. வருடாவருடம் தவறாமல் முத்திரை போட்டு வாங்கும் தராசு. அதில் ஒரு குறையும் இல்லை.

காலிப் பெட்டி 34 கிராம். தொள்ளாயிரத்துக்கு 30 கிலோ 600 கிராம். கிலோ 360 ரூபாய் வீதம் 11,016 ரூபாய். பெட்டி ஒன்று மூன்று ரூபாய்க்கு வாங்கியது, அந்த 2,700 ரூபாயைக் கழித்தாலும் 8,316. கஞ்சிக்கு நான் கொடுத்தது 8,000. அன்றைய கஞ்சியைப் பேரீச்சம்பழம் வாங்கியவர்கள்தான் காய்ச்சியிருக்கிறார்கள். பலகையில் என் பெயர் இருந்தது.

எங்கள் ஹஜ்ரத்திடம் யாரோ ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். ஆள் தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், தெரியாவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்ய வேண்டும், அதில் உனக்கு நன்மை எதிர்பார்க்காதே என்றார். 'உனக்கு' என்றுதான் சொன்னார், கவனித்தேன். கடன் நோட்டில் 140 பெட்டிக்கு ஆள் தெரிந்தது. பெட்டிக்கு 12 ரூபாய் 24 காசு வருகிறது, அதை 13 ரூபாயாக்கி அவர்கள் கடனில் கழித்து எழுதினேன். மீதிக்கு அரிசி வாங்கி ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்தேன். ரசீதுக்குப் பெயர் கேட்டார்கள். வாடிக்கையாளர்கள் என்று எழுதச் சொன்னேன்.

சிக்கல் அதன் பிறகுதான். எதிர்வீட்டுப் பூக்காரம்மா இரண்டு பெட்டி வாங்கியிருந்தார். கணக்கில் 26 ரூபாய் ஏன் குறைந்தது என்று கேட்டார். கணக்குத் தவறு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பெட்டிக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டேன் அம்மா, அது தவறு என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பூக்கூடையோடு அவர் போகும் தெருவுக்கெல்லாம் செய்தியும் போய்விட்டது. இந்த வாரம் விற்பனை இன்னும் கூடியிருக்கிறது. நேற்று முத்தவல்லி எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டினார். உள்ளே இனித்தது டீச்சர். பொய் சொல்ல மாட்டேன், பேரீச்சம்பழம் போல இனித்தது. இப்போது நான் என்ன செய்வது?

கணக்கு டீச்சர் எழுதியது:

மறுபடியும் முதலிலிருந்தா? பெட்டியின் எடையைக் கழிக்கிறீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கடைத்தெரு எழுதியது:

கழிக்கிறேன். கடைப்பையனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

கணக்கு டீச்சர் எழுதியது:

அப்படியானால் அஸருக்குப் போங்கள். எந்த வரிசையில் இடம் இருக்கிறதோ அங்கே நில்லுங்கள்.

கடைத்தெரு எழுதியது:

அஸருக்கு எங்கள் பள்ளிவாசலில் ஒரே ஒரு வரிசைதான் சேரும், டீச்சர்.