உப்புத் தரையில் 150 மைல் வேகம்: எந்த பாடி எடுக்கலாம்?

கேள்வி: வெள்ளைத்தரை
யூட்டாவின் பானவில் உப்புத் தரையில், ஆகஸ்ட் மாத ஸ்பீட் வீக் வேகப் பந்தயத்தில் ஓட்ட ஒரு கார் கட்டுகிறோம். எஞ்சின் தயார்: ஹோண்டா கே20, 2 லிட்டர், டர்போ கிடையாது, 190 குதிரைத்திறன் சொச்சம். இலக்கு மணிக்கு 150 மைல் (241 கி.மீ.). பாடிதான் முடிவாகவில்லை. நண்பர் ஷெட்டில் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சும்மா கிடக்கிறது. பேட்டரி செத்த முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட் (ஹைபிரிட் கார்) ஒன்று மலிவாக வருகிறது. 1953 ஸ்டூடிபேக்கர் கூப்பே (பழைய அமெரிக்க இரண்டு கதவு கார்) மேலும் ஒரு கண். எடை குறைவு, பீட்டிலே போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

நாலாம்கியர்
எடையை மறந்துவிடுங்கள். வேகம் பிடிக்க அங்கே மைல் கணக்கில் இடம் இருக்கிறது. உப்பில் டயருக்குப் பிடி குறைவு என்பதால் பலர் வேண்டுமென்றே காரில் எடை ஏற்றுகிறார்கள். எதிரி காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

இழுவை எண்ணை (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) முகப்புப் பரப்போடு (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு) பெருக்கிப் பாருங்கள். பீட்டிலுக்கு இழுவை எண் 0.48 அளவில், இன்சைட்டுக்கு 0.25. பரப்பில் பெரிய வித்தியாசமில்லை. 150 மைலில் காற்றுக்கு மட்டும் பீட்டில் சுமார் 175 குதிரைத்திறன் கேட்கும், இன்சைட் சுமார் 95. பானவில் 4,200 அடி உயரம் வேறு. காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் எட்டில் ஒரு பங்கு சக்தியை அங்கேயே விட்டுவிடும், 190-இல் சுமார் 166 தான் மிஞ்சும். பீட்டில் கதை முடிந்தது.

முகப்புப் பரப்புக்காக எவ்வளவு தூரம் போவார்கள் தெரியுமா? 1965-இல் பானவில்லில் 409 மைல் தொட்ட கோல்டன்ராட் என்ற சாதனைக் காரில் நான்கு கிரைஸ்லர் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தார்கள், கார் ஒல்லியாக இருக்கவேண்டும் என்று!

உப்புக்கறை
அண்ணன் கணக்கு சரி. ஆனால் இன்சைட்டின் பாடி அலுமினியம். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) எஃகு. இரண்டையும் வெல்டு செய்ய முடியாது. பெரிய தகடுகள் வைத்து போல்ட் போடவேண்டும். அந்த இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே காப்புப் பூச்சு அவசியம், ஓட்டம் முடிந்த அன்றே கழுவுவதும் அவசியம்.

வெள்ளைத்தரை
அப்படியென்றால் ஸ்டூடிபேக்கர்? எஃகு பாடிதானே.

உப்புக்கறை
அழகான தேர்வு. மூக்கு தாழ்வு, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 120.5 அங்குலம், நேராக ஓடும். பானவில்லில் அதை இன்னும் விரும்புவது சும்மா இல்லை. ஆனால் அது பின்சக்கர இயக்கம். உங்கள் முன்சக்கர கியர்பாக்ஸ் பயன்படாது. செலவு எகிறும். கே20-ஐ இன்சைட்டில் இறக்கியவர்கள் நிறைய பேர். எஞ்சின் முன்னால் இருப்பதால் கனமும் முன்னால் நிற்கும். வால் சுழல்வது குறையும். எஞ்சினைப் பின்னால் சுமக்கும் பீட்டிலுக்கு இதுவும் ஒரு குறை.

நாலாம்கியர்
பணம் கொடுக்கும் முன் ஸ்பீட் வீக்கை நடத்தும் எஸ்.சி.டி.ஏ. அமைப்பின் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தை வாங்குங்கள். எஞ்சின் அளவை வைத்து வகுப்பு பிரிப்பார்கள், 2 லிட்டர் என்றால் ஜி வகுப்பு. ஆனால் வேறு எஞ்சின் வைத்த கார் எந்தப் பிரிவில் விழும், அதில் இப்போதைய சாதனை எவ்வளவு என்று பாருங்கள். வெறும் 150 தொட்டால் போதுமா, சாதனையும் வேண்டுமா என்பதைப் பொறுத்து பாடியே மாறலாம்.

வெள்ளைத்தரை
இப்போதைக்கு 150 போதும். இன்சைட்டைப் பேசி முடிக்கிறேன். கேஜ் தகடுகளை எங்கே வைப்பது?

உப்புக்கறை
முதலில் ஒரு வரைபடம் போட்டு எஸ்.சி.டி.ஏ.வின் சோதனை அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். அவர்கள் சரி சொன்ன பிறகு குழாய் வாங்கலாம்.