ஒக்கி: தங்கல் போனவர்களை யார் தேடினார்கள்?

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று நான் கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான வள்ளவிளையில்தான் இருந்தேன். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கரண்ட் போனது, அப்புறம் செல்போனும் போனது. மலைப்பக்கம் ரப்பரும் வாழையும் அழிந்தன. எங்களுக்கோ கடலில் இருந்தவர்களைப் பற்றிய பயம்தான்.

என் அத்தான், அக்காவின் கணவர், கொச்சி தோப்பும்படியிலிருந்து விசைப்படகில் தங்கல் போயிருந்தார். தூத்தூர் பக்கத்து ஊர்களில் இதுதான் தொழில். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் சூரையும் பிடிப்பார்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை 29ஆம் தேதி வந்தது. காற்றழுத்தத் தாழ்வு புயலாக மாறியதாகச் சொன்னதோ 30ஆம் தேதிதான். கரையில் நிற்பவர் அதைக் கேட்டு வீட்டில் இருந்துவிடலாம். முன்பே போனவரிடம் யார் போய்ச் சொல்வது? படகில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. சாட்டிலைட் போனும் கிடையாது.

அத்தானைத் தேடச் சொல்லி அரசு அலுவலகத்துக்குப் போனோம். படகு கேரளத்தில் பதிவானது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், ஆள் தமிழ்நாடு அல்லவா என்றார்கள். நடுக்கடலில் கிடப்பவருக்கு எந்த மாநிலம்? எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். காணாமல் போனவர்கள் பட்டியலையும் பங்குத்தந்தையும் இளைஞர்களும் வீடு வீடாகப் போய்த்தான் எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தது, அடிக்கடி மாறவும் செய்தது.

எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தில் லட்சத்தீவுப் பக்கம்தான் ஒழுகிப் போகும், கரையோரம் தேடி என்ன பயன், எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் மன்றாடினார்கள். அந்த முதல் நாட்களில் யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் ஆட்களே தங்கள் படகுகளில் தேடப் போனார்கள். பெரியவர்கள் சொன்னபடியே லட்சத்தீவிலும், இன்னும் வடக்கே மகாராஷ்டிரம், குஜராத் கரைகளிலும் பல படகுகள் ஒதுங்கின. அத்தானின் படகு அவற்றில் இல்லை.

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பெண்கள், கைக்குழந்தைகள், எல்லோரும். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 12ஆம் தேதி வந்தார், பிரதமர் மோடி 19ஆம் தேதி வந்தார்.

உடல் கிடைக்காதவரைச் சட்டப்படி இறந்தவராகக் கருத 7 ஆண்டுகள் ஆகவேண்டும். போராடிய பிறகுதான் அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். பணம் அக்காவின் கடனை அடைத்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டது பணம் அல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தேடுங்கள் என்றுதான் கேட்டாள்.