நோசிபோவுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும்) மாத்திரை பற்றிய நோயாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோசிபோவில் மாட்டிக்கொண்டேன்: தீங்கு வரும் என்று எதிர்பார்ப்பதாலேயே வரும் பக்கவிளைவு. பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத வெற்று மாத்திரை, 'மருந்துப்போலி' என்றால், இது 'நஞ்சுப்போலி' ஆகலாமா?
— ம.

ஆகாது. மருந்துப்போலி விழுங்கும் பொருள். இது விளைவு, அசல் மருந்து தின்பவருக்கும் வரும். தவிர, போலி என்றால் பொய் என்று யார் சொன்னது? அறம் கடைப்போலியாகி அறன் ஆகிறது. அறன் என்ன கள்ளச்சொல்லா? முன்றிலை எடுத்துக்கொண்டால், அது இலக்கணப்போலி...
— புலவர் த.

புலவர் ஐயா, நோயாளி நன்னூல் படித்தவர் இல்லை. போலி என்றால் "என் வலி நடிப்பா?" என்பார். வலி நிஜம். 2020இல் வெளிவந்த சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை எடுத்தார்கள். 4 மாதம் மருந்து, 4 மாதம் வெற்று மாத்திரை, 4 மாதம் எதுவுமில்லை, எல்லாம் கலைத்துப் போட்ட வரிசையில். மருந்து தந்த தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது! முடிவைக் காட்டியதும் பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள். எளிதில் கலங்கும் சுபாவக்காரருக்கு இது கூடுதல். 'அச்சவிளைவு' போதும்.
— டாக்டர் ச.

அச்சம் என்றால் கோழைப் பட்டம் கட்டின மாதிரி, டாக்டர். யாழ்ப்பாணத்தில் "கால் நோகுது" என்போம். 'எதிர்பார்ப்பு நோவு' என்றால் அம்மம்மாவுக்கும் விளங்கும்.
— கு.

நோ! அதுதான் வேர். தீங்கு செய்தல் என்னும் இலத்தீன் நொக்கேரேயும் நம் நோதலும் ஒரே குடி. புறம் 192 பாருங்கள்: "நோதலும் தணிதலும்". முன்னது நோசிபோ, பின்னது பிளாசிபோ. வேறென்ன சான்று வேண்டும்?
— புலவர் த.

ஒலி ஒத்தால் உறவாகிவிடாது, ஐயா. நோசிபோ 1961இல் வால்டர் கென்னடி பிளாசிபோவுக்கு எதிராகக் கட்டிய சொல். சரி, வேறு யாரும் பேசவில்லை. புலவரும் கு.வும் நோவின் பக்கம், எனக்கும் அதுவே சரி. 'எதிர்பார்ப்பு நோவு' போடுகிறேன்.
— ம.

போடுங்கள். ஆனால் 2007இல் வந்த ஃபினாஸ்டரைடு (புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து) ஆய்வில், பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லப்பட்டவர்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு அது வந்தது. சொல்லப்படாதவர்களில் 15 விழுக்காடுதான். ஆண்மைக் குறைவுக்குப் பெயர் நோவா? எனக்கு உடன்பாடில்லை.
— டாக்டர் ச.