சான் அன்டோனியோவின் "லா பிரென்சா" ஏன் நின்றுபோனது?

கேள்வி:
வணக்கம். டெக்சாஸில் குடியேறிய மெக்சிகர்களுக்காக இக்னாசியோ லொசானோ 1913இல் தொடங்கிய ஸ்பானிய மொழிப் பத்திரிகையான "லா பிரென்சா" 1963இல் நின்றுவிட்டது. அவரே 1926இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய "லா ஒபினியோன்" இன்றும் வெளிவருகிறது. நிறுவியவரும் ஒருவர், மொழியும் ஒன்று. அப்படியிருக்க, மூத்தது மடிந்து இளையது நிலைத்தது ஏன் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அது யாருக்காகப் பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் இதழ் 1913 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தபோது மெக்சிகோ நகரத் தெருக்களில் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது நாள் கழித்து, பதவி பறிக்கப்பட்ட அதிபர் மதேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்சிக்குத் தப்பி எல்லை தாண்டிய கூலித் தொழிலாளர்கள் வாசகர்களாக இருக்க, எழுதியவர்களில் பலர் நெமேசியோ கார்சியா நரான்ஹோவைப் போலப் பதவி இழந்த முன்னாள் அமைச்சர்களும் படித்தவர்களுமாக இருந்தார்கள். "மெஹிகோ தெ அஃபுவேரா", அதாவது வெளியே உள்ள மெக்சிகோ, என்பதே அவர்களுடைய கொள்கை: மொழியையும் மதத்தையும் கைவிடாமல் காத்து, நாடு திரும்பும் நாளை எதிர்நோக்கியிருப்பது. திரும்பும் எண்ணம் தேய்ந்தபோது பத்திரிகையும் தேய்ந்தது.

பதில் 2:
ஏக்கத்தை மட்டுமே விற்ற பத்திரிகை என்று அதைச் சுருக்கிவிடக் கூடாது. லொசானோவின் மனைவி அலீசியா முன்னின்று பத்திரிகை வழியே நிதி திரட்டியதால்தான் ஏழை மெக்சிகர்களுக்கான மருத்துவமனை ஒன்று சான் அன்டோனியோவில் 1930இல் திறக்கப்பட்டது. எனினும் தலைமுறை மாற்றம் உண்மைதான். பத்திரிகையின் வணிக மேலாளர் லியோனிடெஸ் கொன்சாலெஸ், மாபிமி என்னும் ஊரில் மேயராக இருந்து தப்பி வந்தவர். அவருடைய மகன் ஹென்றி 1961இல் அதே சான் அன்டோனியோவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தை ஊர் திரும்பக் காத்திருக்க, மகனுக்கு இதுவே ஊராகிவிட்டது.

பதில் 3:
தலைமுறை மாற்றம் மட்டுமே காரணமென்றால் லாஸ் ஏஞ்சலிஸ் இதழும் நின்றிருக்க வேண்டும். அதை ஏற்று நடத்திய லொசானோவின் மகன் 1976இல் எல் சால்வடோருக்கு அமெரிக்கத் தூதராகவே போனார். என் கணிப்பில் வேறுபாடு இரண்டு. 1953இல் லொசானோ இறந்தபின் சான் அன்டோனியோ இதழை அலீசியாவும் கொன்சாலெஸும் சில ஆண்டுகள் நடத்தினார்கள். பிறகு அது 1959இல் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. லாஸ் ஏஞ்சலிஸுக்கோ ஸ்பானியம் மட்டுமே அறிந்த புதியவர்கள், பின்னாளில் எல் சால்வடோரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும்கூட, வந்துகொண்டே இருந்தார்கள். பழைய வாசகரின் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறினாலும் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் இருந்தார்.